பிரதேச சபைக்கு வந்திருக்கும் இளையோருக்குப் பயிற்சி: எங்கே தொடங்குவது?

மாங்குளம்சந்தி கேட்டது:

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவின் நாலு பிரதேச சபைகளிலும் கிளிநொச்சியின் மூன்றிலும் இருந்து 28 பேருக்கு ஒரு பயிற்சி ஒழுங்கு செய்கிறோம். பாதிப்பேர் 2025 மே 6 தேர்தலில் முதற்தடவையாகச் சபைக்குப் போனவர்கள். மிச்சப்பேர் கடற்றொழிலாளர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று ஊரில் ஓடித்திரிகிறவர்கள், அடுத்தமுறை தேர்தலில் நிற்க நினைப்பவர்கள். வயது 21 முதல் 35 வரை. எட்டுச் சனிக்கிழமை, மாங்குளத்தில் ஒரு மண்டபம், மதியச் சாப்பாடு, பஸ் காசு. இவ்வளவுக்குத்தான் பணம்.

கையில் உள்ள வரைவில் தலைமைத்துவப் பண்புகள், மேடைப்பேச்சு, முரண்பாட்டு முகாமைத்துவம், சமூக ஊடகம் என்று போட்டிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை அடுத்த மாதச் சபைக் கூட்டத்தில் என்ன செய்வார் என்று யோசித்தால் ஒன்றும் தெரியவில்லை. எதை வெட்டலாம், எதைச் சேர்க்கவேண்டும்? காணி, காணாமல் ஆக்கப்பட்டோர் போன்ற விடயங்களை வகுப்பில் எப்படித் தொடுவது? எங்கே பிழைக்கும்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கோ.

பழையகோவை:

மேடைப்பேச்சை முதலில் வெட்டுங்கோ. தேர்தலில் வென்று வந்தவருக்குப் பேசத் தெரியும். தெரியாதது சபையின் கடதாசி. இன்னொன்றையும் நினைவில் வையுங்கோ: 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே வரை உறுப்பினர் இல்லாமல் செயலாளர்தான் எல்லாவற்றையும் நடத்தினார். உறுப்பினர் கேள்வி கேட்பது அலுவலகத்துக்குப் பழக்கம் விட்டுப்போயிற்று. எப்படிக் கேட்பது என்பது புதிய உறுப்பினருக்கும் தெரியாது. உங்கள் எட்டு நாளில் மூன்று நாளையாவது இதற்கு ஒதுக்க வேண்டும்.

முதல் சனி முழுக்க ஒரே ஒரு கேள்வி: இந்தப் பிரச்சினை யாருடைய மேசைக்குப் போகவேண்டும்? 40 துண்டுக் கடதாசியில் 40 முறைப்பாடு எழுதி வையுங்கோ. உடைந்த வீதி, உடைந்த குளக்கட்டு, யானை, தெருவிளக்கு, மயானம், பெர்மிட் (காணி உத்தரவுப் பத்திரம்) இல்லாத காணி, முன்பள்ளி ஆசிரியையின் கொடுப்பனவு, சந்தைக் கழிவு. சுவரில் அலுவலகங்களின் பெயரை ஒட்டி, துண்டுகளைக் கொண்டுபோய் ஒட்டச் சொல்லுங்கோ. வீதியிலேயே பாதிப்பேர் பிழைவிடுவார்கள். ஏ, பி தர வீதி வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, உள்வீதிதான் சபைக்கு. குளமும் அப்படித்தான்: 200 ஏக்கர் வரை பாயும் சிறு குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதற்கு மேல் நீர்ப்பாசனம். காணி உத்தரவுப் பத்திரம் பிரதேச செயலாளர். யானை வனஜீவராசிகள். சபைக்கு உரியதல்லாத ஒன்றைச் சபையில் தீர்மானமாக்கினால் அது "உரிய திணைக்களத்துக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரியாகக் கூட்டறிக்கையில் கிடக்கும். உறுப்பினர் ஊருக்குப் போய் "தீர்மானம் போட்டாச்சு" என்பார். ஆறு மாதத்தில் சனம் அவரை நம்பாது.

இரண்டாம் சனி தீர்மானம் எழுதுவது. வழமையாக வருவது இப்படி இருக்கும்: "எமது கிராமத்தின் உள்ளக வீதிகளை உடனடியாகத் திருத்த வேண்டும்." இதை நிறைவேற்றவும் முடியாது, நிறைவேற்றவில்லை என்று பிறகு பிடிக்கவும் முடியாது. இதையே இப்படி எழுத வையுங்கோ: "5 ஆம் வட்டாரத்தில் பொதுநோக்கு மண்டபத்திலிருந்து முன்பள்ளி வரையான 640 மீற்றர் உள்வீதியில், 410 ஆவது மீற்றரில் உடைந்திருக்கும் மதகை மாரிக்கு முன் திருத்துவதற்கு, தொழில்நுட்ப உத்தியோகத்தர் மதிப்பீடு தயாரித்து அடுத்த மாதக் கூட்டத்தில் சமர்ப்பிக்க வேண்டும்." இடம், அளவு, பொறுப்பாளி, திகதி நாலும் இருக்கிறது. அடுத்த மாதம் மதிப்பீடு வரவில்லையென்றால் கூட்டறிக்கையைத் தூக்கிக் காட்டலாம். ஒவ்வொருவரும் தன் வட்டாரத்துக்கு இரண்டு எழுதவேண்டும், மற்றவர் வாசித்து ஓட்டை பிடிக்கவேண்டும். நீளத்தை அளக்காமல் "அண்ணளவாக" என்று எழுதுகிறவரைத் திருப்பி அனுப்புங்கோ. அடுத்த கிழமைக்குள் நாடாவோடு போய் அளந்து வரட்டும்.

மூன்றாம் சனி பாதீடு. கற்பனைச் சபை ஒன்றை வையுங்கோ: சொந்த வருமானம் 3 கோடி 20 லட்சம். அமைய (தற்காலிக) ஊழியர் கூலி, எரிபொருள், மின்கட்டணம், உழவு இயந்திரத் திருத்தம் எல்லாம் கழித்தால் 60 லட்சம் மிச்சம். 12 வட்டாரம். ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஆளுக்கு 5 லட்சம் என்று பிரித்துவிடுவார்கள். பிரிக்க விடுங்கோ. பிறகு 5 லட்சத்துக்கு என்ன செய்யலாம் என்று கணக்குப் பார்க்கச் சொல்லுங்கோ. கொஞ்சத் தூரம் கிரவல் கொட்டலாம், அடுத்த மாரியில் அது கழுவுண்டு போகும். மூன்று வருடச் சுற்றாக வைத்து ஆண்டுக்கு நாலு வட்டாரத்தில் உருப்படியாக ஒன்று செய்வதா, சந்தையைத் திருத்தி வருமானத்தைக் கூட்டுவதா என்ற வாக்குவாதம் அப்போதுதான் தொடங்கும். அரசியல் பயிற்சி அந்த வாக்குவாதம்தான். முதல் வருடம் கிடைக்காத எட்டு வட்டாரத்துக்கு அதன் உறுப்பினர் போய் என்ன சொல்லுவார் என்பதையும் அங்கேயே பேசிப் பார்க்க வேணும்.

இன்னொரு பொறி: முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் வழியாகத்தான் சபைக்கு வரும், பிந்தி வரும். அதைக் கையில் உள்ள காசாக எழுதிய சபை வருட முடிவில் ஒப்பந்தக்காரருக்குக் கடனாளி. பாதீடு இரண்டுதரம் தோற்றால் தவிசாளர் (சபைத் தலைவர்) கதிரை போகும் நிலையும் உண்டு. 2020 டிசம்பரில் யாழ் மாநகர முதல்வர் அப்படித்தான் பதவி இழந்தார். புதிய சபைக்கு விதி கொஞ்சம் வேறுபடும், உள்ளூராட்சிச் சட்டங்களுக்கு 2012 இல் வந்த திருத்தத்தோடு சேர்த்து வாசிக்க வையுங்கோ.

1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை முழுதாக ஓதவேண்டாம். குழுக்கள் பற்றிய பிரிவு மட்டும் கட்டாயம். நிதியும் கொள்கையும், வீடமைப்பும் சமூக அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவை, சுற்றாடலும் வசதிகளும் என்று நாலு குழு. அவற்றில் சபை உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். உங்கள் 28 பேரில் சபைக்கு வெளியே நிற்கும் பாதிப்பேருக்கு உள்ளே போகும் வாசல் இதுதான். பெரும்பாலான சபைகள் இதைப் பாவிப்பதேயில்லை.

வட்டுவாகல்:

பழையகோவை சொன்னது அவ்வளவும் சரி. ஆனால் அதோடு நின்றால் நல்ல எழுதுவினைஞர்தான் வருவார். வன்னியில் சபை உறுப்பினரிடம் சனம் மதகை மட்டும் கேட்பதில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, ஆளுநர் நிர்வாகம். ஆகவே ஊரில் தெரிவாகி வந்தவர் என்று பக்கத்தில் கிடைக்கிற ஆள் பிரதேச சபை உறுப்பினர்தான். காணியும் அவரிடம் வரும், பிள்ளையைத் தேடும் தாயும் அவரிடம் வருவார். "எனக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லி அனுப்பலாம். சட்டப்படி சரி, மனிசத்தன்மைப்படி சரியில்லை. அதிகாரம் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதைக் கட்டாயம் படிப்பிக்க வேணும்.

காணிக்கு ஒரு முழு நாள். மாதிரிப் பிணக்கு: 12 ஏக்கர், ஒன்பது குடும்பம், பாதிப்பேரிடம் பெர்மிட், மிச்சப்பேரின் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்தது, வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கிறது, ஒரு மூலையில் படை முகாம். 28 பேரை ஐந்தாகப் பிரியுங்கோ: குடும்பங்கள், பிரதேச செயலகம், வனவளம், படைத்தரப்பு, சபை. முதல் சுற்றில் எல்லாரும் அதிகாரியைக் கெட்டவராக நடிப்பார்கள், ஒன்றும் நகராது. இரண்டாம் சுற்றில் ஆட்களை மாற்றுங்கோ. காணிக்காரராகக் கத்தியவர் இப்போது வனவள அதிகாரி. "கையொப்பம் வைத்தால் கணக்காய்வில் நான்தான் பதில் சொல்லவேண்டும்" என்ற பயம் அப்போது விளங்கும். அந்தப் பயத்துக்குப் பதில் வைக்காமல் எந்தக் கோரிக்கையும் நகராது.

ஒவ்வொரு பேச்சுக்கும் முதல் ஒரே பக்கத்தில் ஆறு விடயம் எழுதவேண்டும். என்ன கேட்கிறோம், எந்த ஆதாரத்தோடு, முடிவெடுக்கும் அதிகாரம் எதிரே இருப்பவருக்கு உண்டா, அவருக்கு என்ன தேவை, நாங்கள் எதை விடலாம், எதை விடவே முடியாது. மூன்றாவதுதான் அடிக்கடி பிழைப்பது. முகாமில் நிற்கும் அதிகாரியிடம் மணிக்கணக்காகப் பேசுவார்கள், முடிவு கொழும்பில் பாதுகாப்பு அமைச்சில் இருக்கும். அந்த அதிகாரியிடம் கேட்கவேண்டியது காணியை அல்ல. எங்கள் கடிதத்தை மேலே அனுப்பிய திகதியும் இலக்கமும்தான்.

தொலைந்த பத்திரத்துக்கு மாற்று ஆதாரம் தேடும் வேலையையும் செய்து காட்டுங்கோ. பிரதேச செயலகக் காணிப் பதிவேடு, கமநல சேவை நிலையத்தின் வயல் பதிவு, இடப்பெயர்வுக்கு முந்திய வாக்காளர் இடாப்பு, நில அளவைப் படம். எது எங்கே கிடைக்கும் என்று அட்டவணை போட்டு ஒட்டிவிடலாம்.

வர்த்தமானி வாசிக்கப் பழக்க வேணும். 2025 மார்ச் 28 இல் வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்குக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அறிவித்தல் வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. எதிர்ப்பு வலுத்துப் பிறகு கைவாங்கப்பட்டது, ஆனால் எத்தனை ஊரில் முதல் மாதமே தெரிந்திருந்தது என்று கேட்டுப் பாருங்கோ. ஒவ்வொரு சபையிலும் இரண்டு பேர் கிழமைக்கு ஒருக்கால் வர்த்தமானியைப் பார்த்து, தங்கள் பிரதேசப் பெயர் வந்தால் மற்றவருக்கு அறிவிக்கும் பொறுப்பை எடுத்தாலே பெரிய வேலை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 இன் 12. வகுப்பில் விளக்கிவிட்டு விடாமல், எல்லாரும் அன்றைக்கே ஒரு விண்ணப்பம் எழுதித் திங்கள் கையளிக்க வேணும். காரணம் சொல்லத் தேவையில்லை. பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கவேண்டும், இதை விட்டால் பிறகு நாள் கணக்கு நிற்காது. 14 வேலை நாளுக்குள் முடிவு. மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. "வீதி வேலை பற்றிய தகவல் வேணும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "2024 இல் இன்ன வீதிக்குச் செலுத்திய கொடுப்பனவுச் சிட்டைகளின் பிரதி" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேணும்.

கடைசியாக, பாரமான ஒன்று. 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய்க்குக் கிடங்கு வெட்டும்போது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. இப்படி ஒரு இடத்துக்கு ஊர் உறுப்பினரை முதலில் கூப்பிடுவார்கள். அவர் என்ன செய்யவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேணும். பெக்கோவை (மண் வெட்டும் இயந்திரத்தை) நிறுத்து. வெட்டிய மண்ணையும் அப்படியே விடு, அதற்குள்ளும் பொருள் இருக்கும். ஒருவரையும் கிடங்குக்குள் இறக்காதே. நேரத்தையும் அங்கே நின்றவர்களின் பெயரையும் குறி. பொலிசில் முறைப்பாட்டு இலக்கம் எடு. விடயம் நீதவானின் கட்டளைக்கு வந்துவிட்டதா என்று சட்டத்தரணி மூலம் உறுதிசெய். முகநூலில் படம் போடாதே. அந்தப் படத்தில் ஒரு துணித்துண்டைப் பார்த்து யாரோ ஒரு தாய் அன்றிரவு நித்திரை கொள்ளமாட்டார்.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 முதல் தொடர்போராட்டத்தில் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகள் அங்கே போவதென்றால் வாக்குறுதியோ மைக்கோ கொண்டுபோகக் கூடாது. என்ன தேவை என்று கேட்டு, எழுதி, திரும்பிப்போய்ப் பதில் சொல்லவேண்டும்.

நெடுங்கேணிஅக்கா:

தம்பி, பாடத்தைப் பற்றி மேலே நல்லாச் சொல்லியிருக்கினம். நான் ஆட்களைப் பற்றிச் சொல்லுறன், ஏனென்றால் நல்ல பாடத்தோட வெறும் கதிரைக்குப் படிப்பிச்ச பயிற்சி கனக்க இருக்கு.

நேரம் 9.30 இலிருந்து 2.30. மல்லாவி, துணுக்காய்ப் பக்கம் இருந்து வாற பிள்ளைக்கும் முல்லைத்தீவுப் பக்கம் இருந்து ஏ34 ஆல வாற பிள்ளைக்கும் பஸ் கணக்கு வேற வேற. ஐந்து மணிக்கு முடிச்சால் பெண்கள் மூன்றாம் கிழமையோட நிண்டுவிடுவினம். காலபோக விதைப்பு, அறுவடை நாட்களில வைக்காதேங்கோ. மே மாதத்தில முள்ளிவாய்க்கால் நினைவுக் கிழமை, வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல், ஆகஸ்ட் நடுப்பகுதியில மடுத் திருவிழா. இதெல்லாம் பார்த்துத்தான் எட்டுச் சனியைக் குறிக்க வேணும். கைப்பிள்ளையோட வாறவைக்குப் பக்கத்து அறையில ஒரு பாயும் பார்க்க ஒரு ஆளும். பஸ் காசை அன்றைக்கே கையில குடுங்கோ, பிறகு தாறம் என்றால் அடுத்தமுறை வரக் காசு இருக்காது.

பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில இருந்து நடைமுறையில இருக்கு. அதுக்கு முதல் நாடு முழுக்க உள்ளூராட்சியில பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. இப்ப கனபேர் வட்டாரத்தில நேரடியாக வெல்லாமல் கட்சிப் பட்டியல் மூலம் வந்தவை. "உங்களுக்கு வட்டாரம் இல்லைத்தானே" என்று கூட்டத்தில வாய அடைக்கிறது இங்கதான் நடக்குது. பட்டியல் உறுப்பினருக்கும் வட்டார உறுப்பினருக்கும் சபையில வாக்கு ஒண்டுதான், தீர்மானம் கொண்டுவாற உரிமை ஒண்டுதான். இதை ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கோ. பட்டியலில வந்த பெண்களை ஒரு குழுவைப் பொறுப்பெடுக்கச் சொல்லுங்கோ, சுற்றாடல் குழு என்றால் சந்தை, கழிவு, கிணறு எல்லாம் முழுப் பிரதேசத்துக்கும் போகும். வட்டாரம் இல்லாதது அப்ப பலமாயிடும்.

மாதிரிச் சபைக் கூட்டம் நடத்தேக்க குறுக்க பேசுறதைப் பழக்குங்கோ. ஒரு பெண் பேசத் தொடங்கினவுடன வேணுமென்றே இரண்டுபேர் இடையில கதைக்க வேணும். அவ என்ன சொல்ல வேணும்? "தவிசாளர் அவர்களே, எனக்குத் தந்த நேரம் முடியவில்லை, நான் தொடர்கிறேன்." இதைப் பத்துத்தரம் வாயால சொல்லிப் பார்த்தால்தான் உண்மையான கூட்டத்தில வரும். கடதாசியில எழுதிக் குடுத்தால் வராது.

அறிமுகத்தில "உங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்கள்" என்ற விளையாட்டு வேண்டாம். அந்த 28 பேருக்குள்ள புனர்வாழ்வு பெற்று வந்தவர் இருப்பார், தகப்பனை இழந்தவர் இருப்பார், இரண்டு பக்கத்தாலும் காயப்பட்ட குடும்பம் இருக்கும். முதல் மணித்தியாலத்திலயே அதைக் கிளறினால் அவை அடுத்த கிழமை வரமாட்டினம். ஊர், பெயர், ஊரில மாற்ற விரும்புற ஒரு விசயம், போதும்.

வரவுப் பதிவில பெயரும் கையொப்பமும் மட்டும். போன் இலக்கம் வேற கொப்பியில, பொறுப்பாளரிட்ட. யாராவது வந்து பட்டியல் கேட்டால் என்ன சொல்லுறது, யார் சொல்லுறது என்று முதலே தீர்மானிச்சு எழுதிவைக்க வேணும்: எழுத்தில கேளுங்கள், எழுத்தில பதில் தருவோம். மண்டபக் காவலாளியோ சமையல் அக்காவோ அந்தக் கேள்விக்கு முகம் குடுக்கக் கூடாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கு, விசாரணைக்குக் கூப்பிட்டால் எழுத்து மூல அழைப்புக் கேட்கிறது, சட்டத்தரணியோட போறது, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கம், இவ்வளவும் எல்லாருக்கும் பாடமாயிருக்க வேணும். படம் எடுக்கிறது கேட்டுத்தான்.

மாங்குளம்சந்தி:

மிக்க நன்றி அக்கா, அண்ணைமார். இரண்டு கேள்வி மிச்சம். 28 பேரும் நாலைந்து கட்சி, சுயேச்சைக் குழு. ஒன்றாக இருத்தினால் ஒருவர் முன்னால் மற்றவர் வாய் திறப்பாரா? மற்றது சிங்களம். சுற்றறிக்கை சிங்களத்தில் வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள்.

பழையகோவை:

ஒன்றாகவே இருத்துங்கோ. உங்கள் பக்கத்து சபைகளில் எத்தனை தனிப் பெரும்பான்மையோடு இருக்கிறது? கூட்டுச் சேராமல் பாதீடு போகாது. ஆனால் முதல் நாளே மூன்று விதி: தேர்தல் கணக்கைக் கிளறக்கூடாது, வகுப்பில் சொன்னதை மேடையில் பாவிக்கக்கூடாது, குழு பிரிக்கும்போது ஒரே கட்சியார் ஒரே குழுவில் இருக்கக்கூடாது. கட்சித் தலைமைகளுக்கு முன்கூட்டியே ஒரே மாதிரிக் கடிதம், ஒரே நாளில். ஒரு கட்சிக்கு மட்டும் பிந்திப்போனால் அந்தக் கட்சிப் பிள்ளைகளைத் தடுத்துவிடுவார்கள்.

சுற்றறிக்கைக்கு: அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரைப்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழ்ப் பிரதி கேட்டுச் செயலாளர் மூலம் எழுதலாம், அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். அதே நேரம் வேலை நிற்காமல் இருக்க, சுற்றறிக்கைகளில் திரும்பத்திரும்ப வரும் நிர்வாகச் சொல் ஒரு நூறை மூன்று மொழியிலும் அட்டையாக அடித்துக் கொடுங்கோ. மதிப்பீடு, ஒதுக்கீடு, கேள்விமனு, முற்பணம், கணக்காய்வு வினா இப்படி. பேச்சுச் சிங்களத்தை எட்டு நாளில் படிப்பிக்க முடியாது, முயலவேண்டாம்.

அடுத்தமுறை தேர்தலில் நிற்க இருப்பவர்களுக்கு ஒரு அரைநாள் வேட்புமனு. 2025 இல் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிப் பிரச்சினையாலும் கனக்கப் பட்டியல் நிராகரிக்கப்பட்டு, சிலது நீதிமன்றம் போய்த்தான் மீண்டது. தேர்தல் செலவுக் கணக்கும் அப்படியே. 2023 இன் 3 ஆம் இலக்கச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாளுக்குள் தோற்றவரும் கொடுக்கவேண்டும். தோற்றவர் கவலையில் மறந்துவிடுவார், பிறகு பொலிஸ் விசாரணை.

வட்டுவாகல்:

ஒரு சேர்க்கை. நேபாளத்தில் 2017 இல் 753 உள்ளூராட்சி அலகுகளுக்குத் தேர்தல் வைத்து, துணைத் தலைவரை நீதிக்குழுவின் பொறுப்பாளராக்கினார்கள். அந்தப் பதவிக்குப் பெரும்பாலும் வந்தவர் பெண்கள், முதற்தடவை. சட்டம் படிக்காத ஆளுக்கு முதல் கிழமையே வழக்கு வந்தது. பயிற்சி பதவிக்குப் பிந்திப் போனால் அதுதான் நடக்கும். ஆகவே எட்டுச் சனியையும் அடுத்தடுத்து வைக்காமல் ஐந்தைத் தொடர்ந்து வையுங்கோ. மிச்சம் மூன்றையும் மாதத்துக்கு ஒன்றாக, சபைக் கூட்டம் முடிந்த முதல் சனியில். அன்றைக்கு ஒவ்வொருவரும் தன் சபையின் கூட்டறிக்கைப் பிரதியோடு வரவேண்டும். என்ன தீர்மானம் வைத்தார், என்ன ஆனது, எங்கே தடைப்பட்டது என்று அந்தத் தாளை வைத்தே பேசலாம்.

மாங்குளம்சந்தி:

ஐந்தும் மூன்றும் என்று மாற்றிவிட்டோம். முதல் சனிக்கு 40 முறைப்பாட்டுத் துண்டுகளை இன்றிரவு எழுதத் தொடங்குகிறோம். உங்கள் ஊரில் "யாருடையது" என்று தெரியாமல் அலையும் பிரச்சினை ஒன்று இருந்தால் இங்கேயே எழுதிவிடுங்கோ, அதையும் துண்டாக்கி வைக்கிறோம்.

நெடுங்கேணிஅக்கா:

எழுதுங்கோ: வாய்க்கால் கரையோட போற வண்டில் பாதை. வீதியென்று சபைப் பதிவில இல்லை, வாய்க்கால் கமநலத்தின்ர, பாதையில பாதி வனவளக் கல்லுக்கு உள்ள. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதாலதான் போகினம்.